கிரெடிட் தரும் தேர்வும் இடம் காட்டும் தேர்வும்

நம்மூரில் 'பிளேஸ்மென்ட்' என்றால் கல்லூரிக்கு நிறுவனங்கள் வந்து வேலைக்கு ஆள் எடுப்பது. அமெரிக்கக் கல்லூரிகளில் அதே சொல், புதிதாகச் சேரும் மாணவர் கணிதத்தையோ ஆங்கிலத்தையோ எந்தப் படியிலிருந்து தொடங்க வேண்டும் என்று பார்க்கும் தேர்வைக் குறிக்கிறது. அதை நன்றாக எழுதினால் தொடக்கப் பாடத்தைத் தாண்டலாம்; ஆனால், தாண்டிய பாடத்துக்குப் பெரும்பாலும் கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி, கிடைப்பதில்லை. இளநிலைப் பட்டத்துக்கு வேண்டிய ஏறத்தாழ 120 கிரெடிட் அப்படியே நிற்கும். இந்த வேறுபாடு புரியாமல் ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி அளவிலான அமெரிக்கத் தேர்வு), ஏ-லெவல் (பிரிட்டிஷ் முறைப் பள்ளி இறுதித் தேர்வு), ஐபி (சர்வதேசப் பள்ளிப் பாடத்திட்டம்), பிளேஸ்மென்ட் டெஸ்ட் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பவர்கள் பலர்.

சிபிஎஸ்இ அல்லது மாநிலப் பாடத்திட்டத்தில் 12-ஆம் வகுப்பு முடித்தவருக்கு, எவ்வளவு மதிப்பெண் பெற்றிருந்தாலும், பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் அதைப் பள்ளி நிறைவுச் சான்றாக மட்டுமே ஏற்கின்றன. ஏ-லெவல் முடித்தவரின் நிலை வேறு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களில், காலாண்டுப் பருவக் கணக்கில் பட்டத்துக்கு வேண்டிய 180 அலகுகளில் (கிரெடிட்டை அங்கே அலகு என்பார்கள்; பருவம் சிறியது என்பதால் எண்ணிக்கை 120-ஐ விடக் கூடுதல்), 'சி' அல்லது அதற்கு மேல் வாங்கிய ஒவ்வொரு ஏ-லெவல் பாடத்துக்கும் 12 அலகுகள் கிடைக்கின்றன. மூன்று பாடங்கள் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. ஐபியில் உயர்நிலைப் பாடத்தில் 5 பெற்றால் 8 அலகுகள். ஏபியில் 3 பெற்றாலே அங்கே கிரெடிட் உண்டு.

இதைப் பார்த்து, மே மாதம் நடக்கும் ஏபி தேர்வுக்கு உடனே பணம் கட்டிவிடக் கூடாது. தொழில்நுட்பக் கல்விக்குப் பேர்பெற்ற எம்ஐடி, ஏபியின் கால்குலஸ் (நுண்கணிதம்) தேர்வுகளில் கூடுதல் பகுதிகள் கொண்ட கால்குலஸ் பிசியில் 5 வாங்கினால்தான் தன் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தருகிறது. அதே போன்ற இன்னொரு கல்வி நிறுவனமான கால்டெக், ஏபி மதிப்பெண்ணுக்குக் கிரெடிட் தருவதில்லை. கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் தானே தேர்வு வைத்துப் பார்க்கிறது. ஆக, ஏபியின் மதிப்பு எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்தது. அந்தக் கல்லூரி எதுவென்று தெரிவதற்குள் தேர்வுக்கான பதிவு முடிந்துவிடும் என்பதுதான் சங்கடம்.

பிளேஸ்மென்ட் டெஸ்டுகளில் பல கல்லூரிகள் கணிதத்துக்குப் பயன்படுத்துவது அலெக்ஸ் என்ற இணையவழித் தேர்வு. அதிகபட்சம் 30 கேள்விகள். ஒன்றுக்கு நாம் தரும் விடையைப் பார்த்தே அடுத்த கேள்வி வரும். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி பெரும்பாலும் இல்லை. விடையை நாமே தட்டச்சிட வேண்டும். ஜேஇஇ பயிற்சியில் தவறான விடைகளைக் கழித்துக் கழித்துச் சரியானதை அடையப் பழகிய கை இங்கே தடுமாறும். பல இடங்களில் வீட்டிலிருந்தே எழுதலாம் என்பதால் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளும் ஆசை எழும். அப்படி வாங்கிய மதிப்பெண், செப்டம்பரில் தாங்க முடியாத வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைக்கும்.

நம் பாடத்திட்டத்தில் படித்தவருக்கு ஏற்றதாக எனக்குத் தோன்றுவது, பலரும் விசாரிக்காமலேயே விட்டுவிடும் மூன்றாவது வழி: கல்லூரியின் அந்தந்தப் பாடத் துறையே நடத்தும் கிரெடிட் தேர்வு. எம்ஐடியில் கால்குலஸ், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றின் முதலாண்டுப் பாடங்களுக்கு இத்தகைய தேர்வுகள் இருக்கின்றன. வேறு பல கல்லூரிகளிலும் வெவ்வேறு பெயர்களில் உண்டு. இதற்கு ஏபி, ஏ-லெவல் போன்ற தேர்வு வாரியச் சான்று வேண்டாம், பாடம் தெரிந்தால் போதும். ஆனால் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம் கூடுதல்: சிபிஎஸ்இயில் வகையிடல், தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடுகள் வரை வந்தாலும் டெய்லர் தொடரும் முடிவிலித் தொடர்களின் ஒருங்கல் சோதனைகளும் வருவதில்லை. கோடை விடுமுறையின் சில வாரங்களை அதற்கு ஒதுக்க வேண்டியிருக்கும்.

கிரெடிட் கிடைத்தால் கட்டணம் தானாகக் குறைந்துவிடும் என்பதும் சரியல்ல. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் ஒவ்வொரு பருவத்திலும் பொதுவாகக் குறைந்தது 12 கிரெடிட்டுக்குப் படித்தாக வேண்டும். பல கல்லூரிகளில் முழுநேர மாணவருக்கு 12-க்கும் 15-க்கும் ஒரே கட்டணம். ஒரு பருவத்தையே முழுதாகக் குறைத்தால்தான் பணம் மிஞ்சும். அதற்கு எட்டாத நாலைந்து கிரெடிட்டும், அலகுக் கணக்கை வைத்துப் பதிவு வரிசை போடும் கல்லூரிகளில், கேட்ட வகுப்பு நிரம்பிப்போவதற்கு முன் இடம்பிடிக்க உதவும். மருத்துவக் கல்லூரிக்குப் போக நினைப்பவர் மட்டும், அறிவியல் பாடத்தைத் தேர்வெழுதித் தாண்டுவதற்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஏபி கிரெடிட்டை, சேர்க்கைக்கு முன் படித்திருக்க வேண்டிய பாடமாக ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் கணிசமாக உள்ளன.