72-ஐ 20 ஆக்க மறந்தால்: ஒரே கணக்கு, ஐந்து துணைகள்

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில், பிரேக் போட்ட பிறகு 100 மீட்டர் ஓடி நிற்கிறது. எதிர்முடுக்கம் (வேகம் குறையும் வீதம்) எவ்வளவு? பள்ளி இயற்பியலில் இந்த மாதிரிக் கணக்கைச் சந்திக்காமல் யாரும் தாண்டியிருக்க முடியாது. பலரும் வழுக்கும் இடமும் ஒன்றுதான்: 72-ஐ அப்படியே சூத்திரத்தில் (வேகத்தின் வர்க்கம் ÷ தூரத்தின் இருமடங்கு) போட்டுவிடுவது. நொடிக்கு 20 மீட்டர் என்று மாற்றிக்கொண்டால் 400-ஐ 200-ஆல் வகுத்து 2 மீ/வி² வரும். மாற்றாவிட்டால் 5184-ஐ 200-ஆல் வகுத்து 25.92. வீட்டுப்பாடத்துக்கு நாம் தேடிப்போகும் துணைகள் இந்தத் தவறை எப்படிக் கையாள்கின்றன என்று பார்க்கலாம்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் '2' என்று மட்டும் இருக்கும். நம் விடை தவறு என்று தெரிந்துவிடும், எங்கே தவறு என்று தெரியாது. ஆனாலும் இதன் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. 25.92-ஐ 2-ஆல் வகுத்துப் பாருங்கள்: 12.96. அதாவது 3.6-இன் வர்க்கம். 3.6 கண்ணில் பட்டதுமே, மணிக்குக் கிலோமீட்டரை நொடிக்கு மீட்டராக மாற்ற மறந்தது உறைத்துவிடும். இவ்வளவு துப்பறிய எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும் என்பது வேறு விஷயம்!

கைடு, நோட்ஸ் வகையில் 'தொடக்க வேகம் = 72 × 5/18 = 20 மீ/வி' என்று முதல் வரியிலேயே இருக்கும். கண் அதைத் தாண்டி ஓடிவிடும். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். மூடிவைத்து எழுதச் சொன்னால் பேனா நகராது. இதற்காகக் கைடே கூடாது என்பவர்களோடு நான் சேரமாட்டேன். 1985-இல் ஜான் ஸ்வெல்லரும் கூப்பரும் இயற்கணிதத்தை வைத்து ஆராய்ந்தபோது, தீர்த்துக்காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள், தாங்களே முட்டிமோதியவர்களைவிட அதே வகைக் கணக்குகளை வேகமாகவும் தவறு குறைவாகவும் செய்தார்கள். பாடம் கைவந்த பிறகு இந்தப் பலன் தேய்ந்துவிடும் என்பதும் பின்னர் தெரிந்தது. ஆகவே புதுப் பாடத்தில் முதல் இரண்டு மூன்று கணக்குக்குக் கைடு, அப்புறம் மூடிவிட வேண்டும். அந்த இரண்டு மூன்றையும்கூட ஒரு தாளால் மறைத்து, அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று யோசித்த பிறகே தாளைக் கீழே இறக்குவது நல்லது.

படம் பிடித்தால் தீர்வு தரும் செயலிகளில் ஃபோட்டோமேத் 2014-இலேயே வந்துவிட்டது. குறி மாறியது, அடைப்புக்குறியைப் பிரித்ததில் பிசகு போன்றவற்றுக்கு இந்த வகைதான் கெட்டி. ஆனால் நம் ரயில் கணக்கில் 72-ஐ வைத்து நாமே எழுதிய சமன்பாட்டைப் படம் பிடித்துக் கொடுத்தால், கொஞ்சமும் பிசகாமல் 25.92-ஐத் தந்துவிடும். ஒவ்வொரு படியும் சரி, கணக்கு மட்டும் தவறு. வகுப்பில் காரணிப்படுத்தச் சொல்லியிருக்க, செயலி வேறு முறையில் தீர்த்துத் தருவதும் உண்டு.

ஏஐ உரையாடல் செயலிகள் கேள்வியை முழுதாகப் படிக்கும், பெரும்பாலும் அலகையும் மாற்றிவிடும். 'ஏன்' என்று பத்துமுறை கேட்டாலும் சலிக்காது. சிக்கல் என்னவென்றால், தவறாகச் சொல்லும்போதும் அதே தோரணைதான். அதனால் விடையைச் சரிபார்க்கும் வேலை நம் தலையில்தான். ஓர் எண்ணோடு 3-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், அந்த எண்ணைவிட 3 குறைவாக வருகிறது; எண் எது? இருபுறமும் வர்க்கப்படுத்தித் தீர்த்தால் 1, 6 என்று இரண்டு விடை வரும். 1-ஐப் போட்டுப் பாருங்கள்: ஒரு பக்கம் 2, மறு பக்கம் −2. வர்க்கப்படுத்தும்போது நுழைந்த போலி விடை அது. யார் தீர்த்துக் கொடுத்தாலும் இந்தச் சோதனையை நாமே போட்டுவிட வேண்டும். இன்னொன்று, கேள்வியைக் கொடுப்பதைவிட நாம் எழுதிய படிகளைக் கொடுத்து, 'எந்த வரியில் தவறு? விடையைச் சொல்லாதே' என்று கேட்டால் இதே செயலி இரட்டிப்புப் பயன் தரும்.

கடைசியாக, பக்கத்தில் உட்காரும் ஆள். நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த நண்பன் நம் நோட்டில் 72-இன் மேல் விரலை வைத்து, 'இது என்ன அலகுடா?' என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான். அதற்குமேல் ஒரு சொல் வேண்டாம். என் ஓட்டு இவனுக்குத்தான். இரவு பத்து மணிக்குக் கிடைக்கமாட்டான் என்பதால் மற்ற நான்கும் தேவைப்படுகின்றன. தன் நோட்டையே தூக்கிக் கொடுத்து 'காப்பி அடிச்சுக்கோ' என்கிற நண்பனோ கைடைவிட மோசம்.

வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்வதற்கு மட்டும் இவர்களில் யாரும் வேண்டாம். 4 இரும்பு, 3 ஆக்சிஜன் மூலக்கூறு, மறு பக்கம் 2 இரும்பு ஆக்சைடு (Fe₂O₃) என்று எழுதியாயிற்றா? இரு பக்கமும் எண்ணுங்கள். இரும்பு 4, ஆக்சிஜன் 6.