பட்டினி டயட்டா, மெல்லக் குறைப்பதா?

கல்யாணத்துக்குள் பத்து கிலோ குறைய வேண்டும் என்று கேட்பவர்கள் திருநெல்வேலிப் பக்கம் பெருகிவிட்டார்கள். ஐப்பசி மழையோடு காய்ச்சலும் வரும் ஊர் இது. அதனால் எடையோடு நோய் எதிர்ப்பையும் சேர்த்தே பார்ப்போம்.

வேகம்
பட்டினி: முதல் வாரமே முள் இறங்கும். இறங்கியதில் பெரும்பகுதி நீர்தான்.
மெல்ல: வாரம் அரை கிலோ முதல் ஒரு கிலோ.

நோய் எதிர்ப்பு
பட்டினி: கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் சட்டென விழும். தொற்றோடு போராடும் டி செல்களுக்கு அதன் தூண்டுதல் குறையும். புரதமும் துத்தநாகமும் போதாவிட்டால் அந்த டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பி சுருங்கும். அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் நோய், முற்றியவர்களுக்கு வெள்ளையணுக்கள் குறைவதுண்டு. தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். எனக்கு இதுதான் பெரிய பயம், நோய் தாமதமாகவே பிடிபடும்.
மெல்ல: உடல் பருமன் உள்ளவர்களுக்கு நீடித்த அழற்சி தணியும்.

செலவு
பட்டினி: காசில்லாதது போலத் தோன்றும். எடை குறைக்கும் பவுடர் டப்பா வாங்கியவர்களைக் கேளுங்கள்!
மெல்ல: முட்டை, மத்தி மீன், முருங்கைக்கீரை, உளுந்து போதும். சொதியையும் விட வேண்டாம், அளவைக் குறைத்தால் சரி.

எடை கூடியவர்களுக்கு மெல்லக் குறைப்பதே பொருந்தும். மிகக் குறைந்த கலோரி உணவு மருத்துவர் சொல்லி, அவர் கண்காணிப்பில் மட்டும்.

சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர்கள், மாதவிடாய் நின்றும் எடை குறைக்கத் துடிப்பவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அப்புறம், நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு வீட்டிலேயே திடீரென நிறைய ஊட்டாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.