கிளைடர் சிமுலேட்டர்: காண்டாரா, மைக்ரோசாஃப்டா, வேறெதுவா?

எஞ்சின் உள்ள விமானத்தைக் கணினி சிமுலேட்டரில் ஓட்டும்போது காற்று கொஞ்சம் தப்பாக இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. த்ராட்டிலைக் கூட்டினால் மேலே போய்விடலாம். எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடரில் அந்த வசதி கிடையாது. இழுவை விமானத்தின் கயிற்றை விட்ட நொடியிலிருந்து கையிருப்பு உயரம் மட்டும்தான். ஏஎஸ்கே 21 மாதிரியான பயிற்சி கிளைடர், அசைவில்லாத காற்றில் 1 கிலோமீட்டர் உயரத்தைச் செலவழித்து ஏறக்குறைய 34 கிலோமீட்டர் போகும். அதற்கு மேல் போக ஏறுகாற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால் தரையும் மரங்களும் எவ்வளவு அழகு என்பதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது காற்றை.

ஏறுகாற்று முக்கியமாக மூன்று வகை. வெயிலில் சூடான தரையிலிருந்து எழுவது தெர்மல். மலைச்சரிவில் மோதி மேல்நோக்கித் திரும்புவது சரிவுக்காற்று. மலையைத் தாண்டியபின் மறுபக்கத்தில் அலை அலையாக எழுவது அலைக்காற்று. கடைசியாகச் சொன்னதை லேசாக எண்ண வேண்டாம். 2018 இல் அர்ஜென்டினாவின் மலைகளுக்கு மேல் பெர்லான் 2 என்ற கிளைடர் 22 கிலோமீட்டரையும் தாண்டிப் போனது இந்த அலையைப் பிடித்துத்தான். ஒரு சிமுலேட்டர் இந்த மூன்றையும் எப்படிக் காட்டுகிறது, ஏறுகாற்றைச் சுற்றி இறங்குகாற்றையும் நேர்மையாக வைக்கிறதா என்று பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

இந்தச் சோதனையில் காண்டார் தனியாக நிற்கிறது. ஸ்லோவேனியாவில் உருவான இது கிளைடருக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள். முதல் பதிப்பு 2005 இல் வந்தது, இரண்டாவது 2018 இல், மூன்றாவது 2024 இல். பறப்பதற்கு முன்னால் காற்றின் திசை, வேகம், மேகத்தின் அடிமட்ட உயரம், தெர்மலின் பலம், அகலம் எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொள்ளலாம். வானத்தில் தெரியும் பஞ்சு மேகத்துக்கு அடியில் போனால் அங்கே உண்மையாகவே ஏற்றம் இருக்கும். ஆனால் மேகம் கலையத் தொடங்கியிருந்தால் நாம் போய்ச் சேர்வதற்குள் தெர்மலும் செத்திருக்கும். மேகத்தைப் பார்த்து அதன் வயதைக் கணிக்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. நிஜ கிளைடர் ஓட்டுபவர்கள், பறக்க முடியாத மாதங்களில் கை மறந்துவிடாமல் இருக்கக் காண்டாரில் உட்காருவதற்குக் காரணமும் இதுதான்.

அடுத்தது போட்டி. திருப்புப் புள்ளிகள் வைத்த ஒரு பாதையை, ஒரே வானிலையில், இணையம் வழியாகப் பல பேர் சேர்ந்து பறக்கலாம். ஒரே தெர்மலுக்குள் இன்னும் பத்து கிளைடர்கள் சுற்றும்போது மேலே யார், கீழே யார் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி ஏறும் பதற்றத்தைத் தனியாகப் பறந்து கற்க முடியாது. பறந்த தடத்தை, நிஜ கிளைடர் போட்டிகளில் பயன்படும் ஐஜிசி கோப்பாகவே எடுத்துப் பிறகு அலசலாம். எக்ஸ்சிசோர் போன்ற இலவச வழிகாட்டிச் செயலியை இதனுடன் இணைத்து, நிஜ காக்பிட்டில் பார்ப்பதைப் போலவே பயன்படுத்தலாம்.

குறை இல்லாமல் இல்லை. விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கூடவே வருவது ஸ்லோவேனியா நிலப்பரப்பு. மற்ற பகுதிகளை ஆர்வலர்கள் உருவாக்கி இலவசமாகத் தருகிறார்கள், ஆனால் ஒவ்வொன்றாக இறக்கி நிறுவ வேண்டும். கிளைடர்களில் சில அடிப்படைத் தொகுப்போடு வரும், பலவற்றுக்குத் தனியாகக் காசு. மெனுக்களைப் பார்த்தால் அலுவலகப் படிவம் நிரப்புவது போலிருக்கும். அப்புறம், புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: கியூ விசையை அழுத்தினால் மாயம்போல உயரம் கிடைக்கும். போட்டியில் அதற்குத் தண்டப்புள்ளி உண்டு. பயிற்சியில் தண்டனை இல்லாததுதான் பெரிய ஆபத்து, விரல் பழகிவிடும்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் நேர் எதிர். முழு பூமியும் அதில் இருக்கிறது. 2022 நவம்பரில் வந்த 40 ஆவது ஆண்டுப் பதிப்பில் டிஜி-1001ஈ நியோ, எல்எஸ்8-18 என்ற இரண்டு கிளைடர்களும் வின்ச்சில், அதாவது தரையிலுள்ள இயந்திரம் கயிற்றால் இழுத்து மேலே ஏற்றும் முறையில், கிளம்பும் வசதியும் சேர்ந்தன. காற்று எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதைக் கோடுகளாகத் திரையில் வரவைக்கலாம். சரிவுக்காற்று என்றால் என்னவென்று முதன்முதலாகப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல படம் கிடைக்காது. அதை அணைத்துவிட்டுப் பறக்கும்போதுதான் இடைவெளி தெரிகிறது. காண்டாரில் ஐந்து மணி நேரப் போட்டியை முடித்தவனுக்கு இங்கே செய்ய வேலை குறைவு. ஏறலாம், சுற்றிப் பார்க்கலாம், இறங்கலாம். ஆனால் ஆல்ப்ஸ் மலைமேல் மாலை வெளிச்சத்தில் சும்மா மிதப்பதற்கு இதற்கு இணை இல்லை. நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேகமான இணையமும் வேண்டும். கிளைடர் உங்களுக்குப் பல ஆசைகளில் ஒன்று என்றால் இதை வாங்குங்கள்.

மேக் அல்லது லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்-பிளேன் உண்டு. ஏஎஸ்கே 21 அதனுடனேயே வருகிறது. கட்டுப்பாடுகளின் உணர்வு நன்றாகவே இருக்கும், ஆனால் அதன் தெர்மல்களில் எனக்கு உயிர் தெரியவில்லை. இலவச மாதிரிப் பதிப்பு இருப்பதால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஃபிளைட்கியர் முழுக்க இலவசம், திறந்த மூலம், மூன்று இயங்குதளங்களிலும் ஓடும். கிளைடர்கள் இருக்கின்றன. விரிவான வானிலை அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் மேகத்தோடு சேர்ந்த தெர்மல்களும் கிடைக்கும். பொறுமை மட்டும் நிறைய வேண்டும். அமைப்புகளைக் குடைவதில் சுகம் காண்பவரா நீங்கள்? அப்படியானால் காசு செலவழிப்பதற்கு முன் ஒரு வாரம் இதில் கழிக்கலாம்.

என் முடிவு சிக்கலானது ஒன்றுமில்லை. விண்டோஸ் இருந்து, கிளைடர்தான் குறி என்றால் காண்டார். மீதிப் பணத்தை ரட்டர் பெடலில், அதாவது வால் சுக்கானைக் காலால் இயக்கும் மிதிகளில், போடுங்கள். நீளமான இறக்கை உள்ள கிளைடரைச் சாய்த்தால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும், காலால் திருத்தாமல் நேர்த்தியாகச் சுற்ற முடியாது. ஜாய்ஸ்டிக்கைத் திருகி ரட்டர் கொடுப்பது முதல் சில நாட்களுக்குச் சரி, அதற்குமேல் கெட்ட பழக்கம். காக்பிட் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கம்பளி நூல் நேராக நிற்கிறதா என்பதைப் பார்த்தே உங்கள் கால் என்ன செய்கிறது என்று சொல்லிவிடலாம்.

விஆர் கண்ணாடி இருந்தால் நல்லது, திருப்பத்தின் உள்பக்கம் பார்ப்பது இயல்பாகிவிடும். இல்லாவிட்டால் ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருளும் ஒரு சாதாரண வெப்கேமும் தலையசைவைப் பின்தொடரப் போதும். ஒலியை மட்டும் அணைக்காதீர்கள். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சொல்லும் வேரியோ கருவியின் பீப் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தால்தான் கண் வெளியே மேகத்தைப் பார்க்கும்.