சிவப்புப் பட்டையும் குப்பைத்தொட்டியும்: ஆசிரியர் பயிற்சிக்கு ஃபெட் ஆற்றல் சிமுலேஷன்கள்

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) சிமுலேஷன்கள், அதாவது அறிவியல் பாடங்களைக் கணினித் திரையில் நாமே ஓட்டிப் பார்க்கும் மாதிரிகள், பல ஆசிரியர்களுக்குப் பழக்கமானவைதான். காசு கிடையாது. ஒரே கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டால் நெட் இல்லாத அறையிலும் பிரவுசரில் திறக்கும். மாணவருக்குக் காட்ட நல்லது என்பதில் சண்டை இல்லை. ஆசிரியர்களையே உட்காரவைத்து ஆற்றல் பாடத்தை அலசும் அரைநாள் பயிற்சிக்கு இவை தாங்குமா?

முதலில் 'எனர்ஜி ஸ்கேட் பார்க்: பேசிக்ஸ்'. U வடிவப் பாதையில் ஸ்கேட்டரை (சக்கரப் பலகையில் சறுக்கும் ஆளை) வைத்துவிட்டால் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருப்பார். பார் கிராஃப்பைத் திறந்தால் இயக்க ஆற்றல் பச்சை, நிலை ஆற்றல் நீலம், வெப்பம் சிவப்பு, மொத்தம் மஞ்சள். உராய்வுத் திரைக்குப் போய் உராய்வை நடுவில் வைத்து ஓடவிடுங்கள். பச்சையும் நீலமும் தேயத் தேய சிவப்பு ஏறும், மஞ்சள் அசையாது. 'ஆற்றல் மாறா விதி' என்று கரும்பலகையில் எழுதுவதைவிட இந்த அசையாத மஞ்சள் நன்றாகப் பேசும்.

பயிற்சிக்கு உண்மையான சரக்கு சிவப்புப் பட்டைக்குக் கீழே இருக்கும் சின்னக் குப்பைத்தொட்டிப் பொத்தான். அதை அழுத்தினால் சிவப்பு காலி, மஞ்சளும் அந்த அளவுக்கு இறங்கிவிடும். அழுத்துமுன் எல்லோரையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: மஞ்சளுக்கு என்ன ஆகும், ஏன்? 'ஆற்றல் அழிந்துவிட்டது' என்று எழுதுகிறவரும், 'காற்றுக்குப் போய்விட்டது' என்று எழுதுகிறவரும், 'புரோகிராமில் தப்பு' என்று எழுதுகிறவரும் ஒரே மேசையில் கிடைத்தால் அந்தப் பயிற்சி பிழைத்தது. கணக்கில் யார் யார் உண்டு, ஸ்கேட்டரும் பாதையும் மட்டுமா, சுற்றியுள்ள காற்றுமா என்று எல்லை போடாமல் 'மாறாது' என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்த எல்லையைத் திரை எங்கேயும் வரைந்து காட்டுவதில்லை. பயிற்சி நடத்துகிறவர்தான் சாக்பீஸால் வரைய வேண்டும்.

இங்கேயே ஒரு கணக்கும் போட்டுவிடலாம். 60 கிலோ ஆள் 5 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி முழுக்க உராய்வில் நின்றால் 60 × 9.8 × 5 = 2940 ஜூல். இதே ஆற்றல் ஒரு லிட்டர் தண்ணீரைச் சுமார் 0.7 டிகிரிதான் சூடாக்கும். கைவைத்தால் தெரியாது. ஆற்றல் 'காணாமல் போகிறது' என்ற நம்பிக்கை ஏன் இத்தனை கெட்டியாக இருக்கிறது என்பதற்கு இந்த 0.7 போதும். 'கரண்ட் செலவாகுது' என்று வீட்டில் பேசும் பேச்சும் சேர்ந்துகொள்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உராய்வே இல்லாத முதல் திரையில் ஸ்கேட்டரை அந்தரத்தில் விட்டால், பாதையில் விழுந்த கணமே சிவப்பு முளைக்கும். பாதைக்குச் செங்குத்தான வேகம் மோதலில் வெப்பமாக மாறுவதாகத்தான் இதை எழுதியிருக்கிறார்கள். இது தெரியாமல் வகுப்பில் மாட்டிக்கொள்வது சுலபம். ஸ்கேட்டரின் காலடியில் இருக்கும் சிவப்புப் புள்ளி பாதையில் ஒட்டும்படி வைத்துவிட்டு விடுங்கள்.

அடுத்து 'எனர்ஜி ஃபார்ம்ஸ் அண்ட் சேஞ்சஸ்'. இதன் சிஸ்டம்ஸ் திரையில் சைக்கிள், ஜெனரேட்டர், பல்பு என்று கோத்து, ஆற்றல் குறிகளை டிக் செய்தால் E எழுதிய சின்னக் கட்டிகள் நகரும். வடிவம் மாறும்போது நிறம் மாறும். சைக்கிள் ஓட்டுகிறவருக்கு ஆற்றல் தீர்ந்தால் சாப்பாடு கொடுக்கப் பொத்தான் வரும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டிகளை எண்ணிப் பயனுறுதிறன் (கொடுத்த ஆற்றலில் எவ்வளவு பயனாகிறது என்ற) கணக்குப் போட வைத்துவிடாதீர்கள். மிதிப்பவரிடமிருந்து இடையிடையேதான் ஒரு கட்டி வெப்பமாகப் பிரிகிறது. நிஜ உடலிலோ தசை செலவழிப்பதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகும், மீதி வெப்பம். இந்த வித்தியாசத்தைப் பங்கேற்பாளர்களையே கண்டுபிடிக்கச் சொன்னால் நல்ல பத்து நிமிடம்.

கட்டிகள் தாமாக நகர்வதால் பார்க்கிறவர் யோசிக்காமலே தலையாட்டிவிடுவார் என்பதுதான் பெரிய குறை. அதற்கு மருந்து, திரையை அணைத்துவிட்டுப் புளியங்கொட்டை எடுப்பது. தாளில் ஓட்டுநர், ஜெனரேட்டர், பல்பு, சுற்றுப்புறம் என்று நாலு கட்டம் போட்டு, ஆற்றல் கட்டிகளுக்குப் பதிலாகப் பத்துக் கொட்டையை ஒவ்வொன்றாக நகர்த்தவைக்க வேண்டும். நகர்த்தும்போது எந்த வடிவம், ஏன் மாறியது என்று வாய்விட்டுச் சொல்லணும். கடைசியில் பத்தும் தாளிலேயே இருக்கணும். சியாட்டில் பசிபிக் பல்கலைக்கழகக் குழு ஆசிரியர் பயிற்சிகளில் நடத்திய 'எனர்ஜி தியேட்டர்' இதே விதிதான். கொட்டைக்குப் பதில் ஆளே நடப்பார். இடம் இருந்தால் அதுவே மேல்.

ஒரு கணினிக்கு மூன்று பேர் சரி. புரொஜெக்டரில் ஒருவரே ஓட்டினால் மற்றவர் கை சும்மா இருக்கும். அளவீட்டுப் பயிற்சிக்கு இரண்டாவது சிமுலேஷனை நம்ப வேண்டாம். அதன் வெப்பமானியில் எண்ணே கிடையாது. தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஆற்றல்) எடுக்க ஒரு பீக்கரும் நிஜ வெப்பமானியும் வாங்கிக்கொள்ளுங்கள்.