ஃபிராங்கன்ஸ்டைன்: 1818 பதிப்பா, 1831 பதிப்பா?

ஃபிராங்கன்ஸ்டைன் நாவலை தீம், டெக்னிக்னு உட்கார்ந்து படிக்கப் போறீங்கன்னா மொதல்ல கையில இருக்கறது எந்தப் பதிப்புன்னு பாருங்க. மேரி ஷெல்லி 1818ல தன் பேரே போடாம மூணு வால்யூமா கொண்டுவந்தது ஒண்ணு, 1831ல அவங்களே திருத்தி ஒரே வால்யூமா விட்டது இன்னொண்ணு. கதை ஒண்ணுதான், ஆனா ஒரு ஜீவனை உருவாக்கற நாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் வேற ஆளா மாறிடறான்.

ஓக் மரம் வர்ற இடத்தையே எடுத்துக்கோங்க. பதினஞ்சு வயசுல அவன் கண்ணு முன்னாடி இடி விழுந்து மரம் நார்நாரா கிழிஞ்சு போகுது. 1818ல அவன் அப்பாகிட்ட இது என்னன்னு கேக்கறான், அவரு மின்சாரம்னு சொல்லி சின்னதா ஒரு மெஷின் செஞ்சு காட்டறாரு, கம்பியும் நூலும் கட்டி பட்டம் விட்டு மேகத்துலேருந்து அதை இறக்கியும் காட்டறாரு. 1831ல அப்பாவுக்கு அங்க வேலையே இல்ல, கூட இருந்த ஒரு அறிஞர் கால்வனிசம், அதாவது மின்சாரம் உடம்பு தசையைத் துடிக்க வைக்கறது பத்தி விளக்கறாரு, அந்த அத்தியாயம் முடியறப்போ விக்டர் விதிதான் என் அழிவை முடிவு பண்ணிடுச்சுங்கறான். படைச்சவனோட பொறுப்புதான் இந்த நாவலோட உயிர்னு நான் நினைக்கறேன், பழிய விதி மேல போட்டா அந்தக் கேள்வியோட கூர்மையே மழுங்கிடுது, அதனால என் ஓட்டு 1818க்குத்தான்.

விக்டர் கட்டிக்கப் போற எலிசபெத்தும் மாறிடறா. 1818ல அவ விக்டரோட அத்தை பொண்ணு. நமக்கு அத்தை பொண்ணைக் கட்டறது சகஜங்கறதால இதை சட்டுனு தாண்டிப் போயிடுவோம். 1831ல அவ கோமோ ஏரி பக்கம் ஏழைக் குடும்பத்துல வளர்ற அநாதை, என் விக்டருக்கு ஒரு அழகான பரிசு வச்சிருக்கேன்னு அம்மா கூட்டிட்டு வர்றாங்க, அவனும் அவளை தன் சொத்தாவே நினைச்சுக்கறான். பெண்கள் பத்தி எழுதறவங்களுக்கு இந்த இடம் 1831லதான் கிடைக்கும்.

வடதுருவத்துக்குக் கப்பல்ல போற வால்டனோட கடிதம், அதுக்குள்ள விக்டர், அதுக்குள்ள அந்த ஜீவன் பேசறதுன்னு பொட்டிக்குள்ள பொட்டி அமைப்பு ரெண்டுலயும் உண்டு. ஆனா 1818ல மொத வால்யூம் செய்யாத கொலைக்கு மரண தண்டனை வாங்கின வேலைக்காரப் பொண்ணு ஜஸ்டின் சாகப் போற நேரத்துல நிக்குது, அடுத்த வால்யூமோட நடுவுல ஜீவனோட குரல், அந்த இடைவெளி கொடுக்கற கனம் ஒரே ஓட்டமா படிச்சா வராது.

1831ல மேரி எழுதின முன்னுரைய மட்டும் விட்டுடாதீங்க, 1816ல ஜெனீவா ஏரிக்கரையில கவிஞர் பைரன் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்னு சொன்ன கதை அதுலதான் இருக்கு.

மேற்கோள் எடுக்கறப்போ எண்ணையும் பாத்துக்கோங்க, ஜீவன் சொல்ற கதை 1831ல அத்தியாயம் 11லேருந்து 16 வரை, 1818ல ரெண்டாம் வால்யூம் 3லேருந்து 8 வரை.