'நாய்க்குச் சலிச்சுப் போச்சு, வெரைட்டி மாத்துங்க' என்று டாக் ஃபுட் விற்பவர்களிடம் கவனம்

நாய் வளர்ப்பவர்கள், முக்கியமாக 'ரொட்டேஷன் பேக்' (மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லும் பல வகைத் தொகுப்பு) என்ற பெயரில் கிபிள் (உலர்ந்த நாய்த் தீனி) வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சிக்கன், ஆட்டுக்கறி, மீன் என்று மூன்று வகை. பெரிய கம்பெனிச் சரக்குதான், மூட்டையாக எடுத்துப் பிரித்துக் கொடுப்பதால் விலை குறைவு என்று சொல்லித்தான் எங்களுக்கு விற்றார்கள். வந்தவை ஜிப் வைத்த வெள்ளைக் கவர்கள். ஒவ்வொன்றிலும் வகையின் பெயர் போட்ட ஒரு ஸ்டிக்கர்.

எங்கள் மணி முதலில் சிக்கனைச் சாப்பிட்டான். கொஞ்ச நாளில் முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டை விட்டு நகர ஆரம்பித்தான். விற்றவரைக் கேட்டால், "ஒரே ருசி சலிச்சுப் போச்சுங்க, அடுத்ததைப் பிரிங்க, நேராவே மாத்தலாம், ரொட்டேஷனே அதுக்குத்தான்" என்றார். ஆட்டுக்கறிக்கு மாற்றியதும் பேதி. மீனைக் கொடுங்கள் என்றார். அதற்கப்புறம் வாந்தியும் சேர்ந்துகொண்டது.

டாக்டர் முதலில் கேட்டது கவரைத்தான். மூன்றிலிருந்தும் ஒரு பிடி எடுத்துத் தனித்தனித் தாளில் கொட்டினோம். ஒரே பழுப்பு நிறம், ஒரே கூட்டல் குறி வடிவம். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது, முகர்ந்தால் காறல் வாடை. ஸ்டிக்கர்களில் புரதம், கொழுப்பு எண்கள் மூன்றிலும் புள்ளிகூட மாறவில்லை. தயாரித்த தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை, கம்பெனி முகவரியும் இல்லை.

கிபிளை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த வாடைக்குக் காரணம் புரியும். மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி, வெட்டி, உலர்த்தியபின் மேலே கொழுப்பைத் தெளிக்கிறார்கள். நாயை இழுப்பது பெரும்பாலும் அந்த வாசனைதான். காற்றுப் பட்டால் அந்தக் கொழுப்புதான் முதலில் காறும், மீன் எண்ணெய் சேர்ந்தது இன்னும் சீக்கிரம் காறும். அதனால்தான் கம்பெனிப் பையிலேயே வைத்து, வாயை இறுக்கி மூடி, 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்து, பிரித்த ஆறு வாரத்துக்குள் தீர்க்கச் சொல்கிறார்கள். மூட்டையைப் பிரித்துக் கவரில் அடைத்த சரக்கில் அந்த ஆறு வாரம் எப்போது தொடங்கியது என்று யாருக்குத் தெரியும்? வாயில்லா ஜீவன் கெட்ட சாப்பாட்டைச் சரியாகவே ஒதுக்கியது. அதைச் சலிப்பு என்று சொல்லி அடுத்த கவரைத் திறக்க வைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பேட்ச் எண் சின்ன விஷயமில்லை. 2007இல் அமெரிக்காவில், நாய், பூனை உணவில் சேர்த்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்திருந்து, சிறுநீரகம் கெட்டு நிறையப் பிராணிகள் செத்தன. பரிசோதனையில் புரதம் என்று அளப்பது உண்மையில் நைட்ரஜனை. மெலமைனில் நைட்ரஜன் அதிகம், அதனால் புரதம் அதிகமாகக் காட்டியது. அப்படியொரு சரக்கைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தால், நம் வீட்டில் இருப்பது அதுதானா என்று பார்க்கப் பேட்ச் எண்தான் வழி.

வெரைட்டி மாற்றுவதையே நான் தப்பு சொல்லவில்லை. மாற்றும் விதம் முக்கியம். பழையதில் முக்கால், புதியதில் கால் என்று ஆரம்பித்து 7 முதல் 10 நாளில் முழுதாக மாற்ற வேண்டும், குடல் பழக அவ்வளவு நேரம் வேண்டும். 'நேராவே மாத்தலாம்' என்று எல்லா நாய்க்கும் சேர்த்துச் சொல்பவரை நம்பாதீர்கள். அதோடு, வெரைட்டியின் பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அமெரிக்காவில் பின்பற்றும் ஆஃப்கோ (தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கம்) விதிமுறையில் 'சிக்கன் சேர்த்தது' என்று எழுத 3 சதவீதம் சிக்கன் இருந்தால் போதும். 'சிக்கன் ஃபிளேவர்' என்றால் அந்த அளவுகூடத் தேவையில்லை.

குறைந்த விலையில் நல்லது கிடைக்காது என்றும் இல்லை. 'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற வாசகமும், அது குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா என்பதும் பையில் இருக்க வேண்டும். ஈரப்பதத்தைக் கழித்துப் பார்த்தால் வளர்ந்த நாய்க்குப் புரதம் குறைந்தது 18 சதவீதம், கொழுப்பு 5.5 சதவீதம். குட்டிக்கு 22.5, 8.5. அப்புறம், கிலோ விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு நாய்க்கு ஒரு பிராண்டில் தினம் 400 கிராம், இன்னொன்றில் 280 கிராம் என்று போட்டிருந்தால், 10 கிலோ பை முன்னதில் 25 நாள்தான் வரும், பின்னதில் 35 நாள் வரும். ஒரு நாள் செலவைக் கணக்குப் போட்டால், விலை கூடுதலாகத் தெரிந்ததே மலிவாக இருக்கலாம். பெரிய பைதான் லாபம் என்று ஆறு வாரத்தில் தீராததை வாங்கவும் வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். பிரித்த கவரை எடுக்க மாட்டோம் என்றார், அதற்குமேல் போனையே எடுக்கவில்லை. ரசீது, ஸ்டிக்கர், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். மணி இப்போது தேறிவிட்டான்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பெயர், தேதி இல்லாத கவர் இருந்தால் கொடுப்பதை நிறுத்துங்கள். கவரையும் ஒரு பிடி கிபிளையும் எடுத்து வையுங்கள், புகாருக்கு அதுதான் சாட்சி. நாய்க்குப் பேதியோடு வாந்தியோ சோர்வோ இருந்தாலும், பேதி வந்தது குட்டி என்றாலும், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.