ட்ரக் பள்ளிக்கூடத்துக்கு முன்னமே வேலைக் கடிதம் என்று சொல்லி 2,600 டொலர் எடுத்துவிட்டார்கள் – கவனம்

கோபத்தோடுதான் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2,600 டொலர். வெயார்ஹவுஸில் இரவு வேலை செய்து கட்டிய சீட்டைக் கழிவுக்கு எடுத்த காசு. அதை வாங்கிக்கொண்டு ஒருவர் எனக்குத் தந்தது ஒரு பக்கக் கடிதம். அந்தக் கடிதத்தைக் கொம்பனிக்காரரே கேட்கிற எல்லோருக்கும் சும்மா கொடுக்கிறார்கள் என்பது இந்தக் கிழமைதான் தெரியவந்தது. கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கம் ட்ரக் ஓடலாம் என்று யோசிக்கிறவர்கள், முக்கியமாகப் புதிதாக வந்த தம்பிமார், இதை முழுக்க வாசியுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விபரமாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் போக முதல் ஏன் வேலை தேடினாய் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. ஒன்ராறியோவில் 2017 ஜூலை 1 முதல், மெல்ட் என்கிற கட்டாயப் பயிற்சியை முடிக்காமல் பெரிய ட்ரக் ஓடுகிற ஏ-இசட் லைசென்ஸுக்கு ரோட் டெஸ்ட் கொடுக்க முடியாது. ஆகக் குறைந்தது 103.5 மணித்தியாலம். அதற்குப் பள்ளிக்கூடங்கள் ஆயிரக்கணக்கில் கேட்கின்றன. அவ்வளவையும் கட்டி, படித்து, டெஸ்டும் பாஸ் பண்ணிப் போனால் "இரண்டு வருச அனுபவம் இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். என் வேலையிடத்தில் போர்க்லிப்ட் ஓடுகிற அண்ணை ஒருவர் ஏ-இசட் லைசென்ஸைப் பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டுதான் போர்க்லிப்ட் ஓடுகிறார். அதைக் கண்ட பிறகு யார்தான் முதலில் காசைக் கட்டுவார்கள்? எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவரை எடுப்பீர்கள், மனுவல் கியரா ஓட்டோவா, புது ஆளை உங்கள் இன்சூரன்ஸ் ஏற்குமா என்று கொம்பனிகளிடம் முன்கூட்டியே கேட்பதுதான் புத்தி. இப்போதும் அதைத்தான் சொல்லுவேன்.

நானே பல இடங்களுக்கு எழுதினேன். பாதிப் பேர் பதில் போடவில்லை. போட்டவர்கள் லைசென்ஸோடு வா, அதுவும் அனுபவத்தோடு வா என்றார்கள். கொம்பனிக்காரருக்கு நம்மைப் பிடித்தாலும், இன்சூரன்ஸ்காரர் தலையாட்டாவிட்டால் சாவி கைக்கு வராது. 2018 ஏப்ரலில் சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் ஹொக்கிப் பெடியங்களின் பஸ்ஸும் ஒரு ட்ரக்கும் மோதி 16 பேர் செத்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்கு அடுத்த வருடம் சஸ்காச்சுவான், அல்பேர்ட்டா, மனிடோபா எல்லாம் இந்தக் கட்டாயப் பயிற்சியைக் கொண்டுவந்தன. ஆகவே புது ஆள் என்றால் பயப்படுகிறார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பயத்தை வைத்து வியாபாரம் செய்கிறவர் மேல்தான் கோபம்.

அப்படித் தேடிக்கொண்டிருக்கும்போது கண்ணில் பட்டது ஒரு வேலை எடுத்துக் கொடுக்கும் இடத்தின் விளம்பரம். "அனுபவம் தேவையில்லை. பள்ளிக்கூடம் தொடங்க முன்னரே வேலை உறுதி." தமிழில்தான் போட்டிருந்தார்கள். பெயர் போடவில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். ஒரு பிளாசாவில் மேல்மாடி, கீழே சாப்பாட்டுக் கடை, அவ்வளவு போதும்.

உள்ளே போனதும் அந்த ஒபிஸை நடத்துகிறவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி ஊரில எவடம்?" சொன்னேன். அதற்குப் பக்கத்து ஊர்தானாம். கோயில் திருவிழா, வாசிகசாலை என்று கொஞ்ச நேரம் கதை போனது. பிளேன்டீ வந்தது. ஆனால் ஊர்க்கதைக்காக நான் காசைக் கட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் சரியான கேள்விகள். ஃபுல் ஜி, அதாவது கார் லைசென்ஸ், எடுத்து எவ்வளவு காலம், டிக்கெட் ஏதும் இருக்கா, மூன்று வருட அப்ஸ்ட்ராக்ட் (வாகனம் ஓடிய பதிவு) எடுத்தாச்சா, மெடிக்கல் போர்ம் டொக்டரிடம் நிரப்பியாச்சா. தொழில் தெரிந்த ஆள் கேட்பது போலவே கேட்டார்.

பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு ஒருவரை எடுத்தார். கொம்பனி டிஸ்பாச்சராம், ட்ரக்குகளை ஓட்டத்துக்கு அனுப்புகிறவர். பின்னால் ட்ரக் பின்னுக்கு எடுக்கும்போது வரும் பீப் பீப் சத்தம் கேட்டது. அந்த ஆள் என்னிடம் நேராகக் கேட்டார்: "இரவில் 401 ஹைவேயில் மொன்றியல் போய் வருவியா? முதுகு நோ இருக்கா? வீட்டில மனுசி ஓமெண்டுதா?" பேய்க்காட்டுகிறவன் முதுகு நோவைப் பற்றியா விசாரிப்பான்? நான் அந்த இடத்தில்தான் விழுந்தேன். வீட்டில் கேட்டு ஓமென்று சொல்லிவிட்டதாகவே பதில் சொன்னேன்.

உடனே ஒபிஸ்காரர் கடிதத்தின் மாதிரி ஒன்றைக் காட்டினார். கொம்பனியின் தலைப்பு, கையெழுத்து, மைலுக்கு எவ்வளவு என்ற கணக்கு எல்லாம் இருந்தது. "இடம் பிடிச்சு வைக்க 2,600. அது செலவில்லை தம்பி, பள்ளிக்கூடக் காசில அப்பிடியே கழிப்பினம்." பேப்பரில் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். "நான் ஓடி ஒளிக்கப் போறேனே? இந்த ஒபிஸ் இஞ்சதானே இருக்கு" என்று சிரித்தார். ஈ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்பினேன். நான் கதிரையில் இருந்து எழும்ப முதலே அவருடைய கணக்கில் விழுந்துவிட்டது, பாஸ்வேர்ட் கேள்விகூட இல்லை. ரசீதில் "ஆலோசனைச் சேவை" என்று இருந்தது. கீழே எறும்பு எழுத்தில், திருப்பித் தரப்படமாட்டாது.

கடிதம் வந்தது. அதோடு அவர் சொன்ன பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை கடிதத்தைப் பார்த்தது, கொம்பியூட்டரைப் பார்த்தது, திரும்ப என்னைப் பார்த்தது. "அண்ணா, நாங்கள் யாருக்கும் இப்படிக் கழிக்கிறதில்லை." ஒரு டொலர்கூட இல்லை. முழுக் காசும் கட்ட வேண்டும். அது மட்டுமா, அங்கே பழக்குகிற ட்ரக் எல்லாம் ஓட்டோமெட்டிக். 2022 ஜூலை 1க்குப் பிறகு ஓட்டோவில் ரோட் டெஸ்ட் கொடுத்தால், மனுவல் ஓடக்கூடாது என்ற தடையோடுதான் இங்கே ஏ-இசட் வரும். கடிதத்தில் இருந்த கொம்பனியோ 13 கியர் மனுவல் வைத்திருக்கிற இடம். 2,600 வாங்கினவருக்கு இது தெரியாதாம்!

அங்கேயே வாசலில் நின்று கடிதத்தில் இருந்த கொம்பனிக்கு நானே போன் எடுத்தேன். அது உண்மையான கொம்பனிதான். ஆட்களை எடுக்கும் பகுதியில் இருந்த பெண் நல்ல மரியாதையாகப் பேசினா. ஓம், எங்கள் கடிதம்தான் என்றா. வேலை இழந்தவர்கள் படிப்புச் செலவுக்கு அரசாங்க உதவி கேட்கும்போது இப்படி ஒன்று உதவும் என்பதால், ஈமெயில் போட்டுக் கேட்கிற எவருக்கும் அனுப்புவார்களாம். எவ்வளவு காசு என்று கேட்டேன். "காசா? எதற்கு?" என்றா. கோயிலில் சும்மா கொடுக்கிற அவலை வாசலில் நின்று விற்றிருக்கிறார் மனிசன்.

அதோடு முடியவில்லை. அனுபவம் இல்லாதவரை எங்கள் இன்சூரன்ஸ் எடுக்காது, இரண்டு வருடம் வேண்டும் என்றும் சொன்னா. அப்படியென்றால் ஏன் கடிதம் தருகிறீர்கள் என்றேன். கடைசி வரியைப் பாருங்கள் என்றா. பயிற்சியை முடித்து, லைசென்ஸ் எடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனமும் ஒப்புக்கொண்டால் மட்டும் விண்ணப்பத்தைப் பார்ப்பார்களாம். விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கு 2,600 டொலர். டிஸ்பாச்சரின் பெயரைக் கேட்டேன், அப்படி ஒருவர் அங்கே இல்லை. பீப் பீப் சத்தம் எங்கிருந்து வந்ததென்று இனி யாருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வருகிறவர் சொந்தமாக ஒரு இன்கோப்பரேஷன், அதாவது தன் பெயரில் ஒரு கொம்பனி, பதிந்திருக்க வேண்டும் என்றும் அந்த ஒபிஸ்காரர் சொல்லியிருந்தார். எல்லாரும் இப்படித்தான் ஓடுகினம், டக்ஸ் குறைவு என்றார். உண்மையில் அப்படி ஓடினால் வேலை போனபின் ஈ.ஐ. என்கிற வேலையில்லாக் காப்புறுதிக் காசு இல்லை, விடுமுறைக் காசு இல்லை, கூலி பிடித்தாலும் கேட்க நாதியில்லை. கொம்பனியின் ட்ரக்கை, கொம்பனி சொல்கிற நேரத்துக்கு ஓடுகிறவர் தொழிலாளிதான். மாகாணம் கடந்து ஓடும் கொம்பனிகள் அவரைத் தொழிலாளி இல்லை என்று காட்டுவதை மத்திய தொழிலாளர் சட்டம் 2021இலிருந்து வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது. இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இப்போது பொறுமை இல்லை.

சரி, காசைத் திருப்பிக் கேட்ட கதைக்கு வருகிறேன். முதலில் ஒபிஸ்காரர் போனை எடுத்தார். "தம்பி, இப்ப மீட்டிங்கில நிக்கிறன்." பிறகு கணக்குப் பார்க்கிற ஆள் லீவு. பிறகு அடுத்த கிழமை. பிறகு "உங்கட அப்ஸ்ட்ராக்டில ஒரு ஸ்பீடிங் டிக்கெட் இருக்கு, அதாலதான் பிரச்சினை." அந்த டிக்கெட்டைப் பற்றி முதல் நாளே நான் சொல்லியிருந்தேன், "அது பரவாயில்லை" என்று சொன்னவரும் அவர்தான். நேரில் போனால் வாசலில் இருக்கிற பிள்ளை "சேர் வெளியில போட்டார்" என்கிறது, உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்கிறது. கடைசியாக வட்ஸ்அப்பில் எழுதினார்: "கடிதம் எடுத்துத் தருவதுதான் எங்கள் சேவை. கடிதம் உங்கள் கையில் உள்ளது. நன்றி." அந்த நன்றிக்கு ஒரு கும்பிடு படம் வேறு. அதற்குப் பிறகு என் செய்திகளுக்கு ஒரு டிக் மட்டும்தான் விழுகிறது.

பாங்கில் கேட்டேன். நீங்களாக அனுப்பினீர்கள், போய்ச் சேர்ந்துவிட்டது, இனி மீட்க முடியாது என்றார்கள். பொலிஸ், இது சிவில் விசயம், சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கிற ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போ என்றது. மோசடி முறைப்பாட்டு மையத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். கோர்ட்டுக்குப் பத்திரம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் பெயர் போடவில்லை. தெரிந்த ஒருவரிடம் சொன்னால், "அவர் நல்ல மனிசன், கோயிலுக்கு நிறையச் செய்யிறவர்" என்கிறார். என் 2,600உம் சேர்த்துத்தான் செய்கிறார் என்று சொல்லுங்கள்.

விபரமாக எழுதுகிறேன் என்றேன், ஷிப்டுக்கு நேரம் போய்விட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். வேலை தருகிறேன் என்று காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள், எந்த ஊர்க்காரர் என்றாலும். கடிதம் வேண்டுமென்றால் கொம்பனிக்கு நீங்களே ஈமெயில் போடுங்கள், சும்மா தருவார்கள். அந்தக் கடிதத்தை நம்பிப் பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டாதீர்கள், "உங்கள் இன்சூரன்ஸ் புது ஆளை எடுக்குமா, எந்தப் பள்ளிக்கூடத்தை ஏற்கும்" என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பள்ளிக்கூடம் மாகாண அமைச்சின் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் பதிந்த பள்ளிக்கூடத்தோடு ஒப்பந்தம் போட்டால், கையெழுத்திட்ட பிரதி கைக்கு வந்து இரண்டு நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து முழுக் காசையும் திருப்பி வாங்கலாம். இடையில் நிற்கிற தரகரின் ரசீதுக்கு அந்த வசதி கிடையாது. மனுவலில் பழக்குகிறார்களா என்று கேளுங்கள். ஈ-ட்ரான்ஸ்ஃபர் வேண்டவே வேண்டாம், கிரெடிட் கார்டில் கட்டினாலாவது பாங்கோடு வாதாடலாம்.

அதே பிளாசா மேல்மாடியில் காசு கொடுத்தவர்கள் வேறு யாராவது இருந்தால் தனியாக எனக்கு எழுதுங்கள். உங்கள் ரசீதிலும் "ஆலோசனைச் சேவை" என்று இருக்கிறதா என்று பாருங்கள், படம் எடுத்து அனுப்புங்கள். கோர்ட்டில் வைக்க எனக்கு அது வேண்டும்.